தூது செல்லும் மாணவர்

பல்கலைக்கழகம் ஒன்றைப்பற்றி ஊரவர் அறிந்துகொள்வது அதன் ஆண்டறிக்கைகளை வாசித்து அன்று. விடுமுறைக்கு வீடு திரும்பும் மாணவன் பஸ்ஸில் அருகிலிருப்பவரின் கேள்விக்கு அளிக்கும் விடையிலும், அயல்வீட்டுப் பிள்ளையின் விண்ணப்பப் படிவத்தை நிரப்பிக் கொடுக்கும் மாணவி கூறும் புத்திமதியிலுமே அது அவர்களுக்கு அறிமுகமாகின்றது. இவ்வகையில் நோக்கின், ஒவ்வொரு மாணவரும் தாம் விரும்பினும் விரும்பாவிடினும் தம் பல்கலைக்கழகத்தின் தூதுவரே. இந்நிலையை உணர்ந்து, அதனை ஒரு பணியாகவே ஏற்றுச் செய்யும் மாணவரிடத்துப் பல திறன்களும் தன்னம்பிக்கையும் வளர்வதாகப் பொதுவாகக் கூறப்படுகின்றது. அக்கூற்று உண்மையே. ஆயினும் அவை எவ்வழியில் வளர்கின்றன என்பது சற்று ஆழ்ந்து நோக்கற்பாலது.

மேனாடுகளில் இப்பணி 'மாணவத் தூதுவர்' என்னும் பெயருடன் நிறுவன வடிவம் பெற்றுள்ளது. பிரித்தானியா, அவுஸ்திரேலியா முதலிய நாடுகளின் பல்கலைக்கழகங்கள் தம் மாணவருள் சிலரைத் தெரிந்தெடுத்து, குறுகிய பயிற்சி அளித்து, பெரும்பாலும் மணிக்கணக்கில் ஊதியமும் வழங்குகின்றன. பாடசாலை மாணவரும் பெற்றோரும் வளாகத்தைப் பார்க்க வரும் நாட்களில் அவர்களை வரவேற்று வழிகாட்டுதல், பாடசாலைகளுக்குச் சென்று உரையாற்றுதல், புதுமுக மாணவருக்குத் துணையாக நிற்றல் என்பன இவர்களது கடமைகள். ஐக்கிய அமெரிக்காவில் வளாகத்தைச் சுற்றிக் காட்டும் மாணவர், வந்தோரின் முகத்தைப் பார்த்தவாறே பின்னோக்கி நடந்துகொண்டு பேசுவது ஒரு வழக்கமாகவே வேரூன்றியுள்ளது. இங்கிலாந்தில் 2004 முதல் 2011 வரை நடைபெற்ற 'எய்ம்ஹையர்' என்னும் அரசாங்கத் திட்டம், உயர்கல்வியை எட்டியறியாத குடும்பங்களின் பிள்ளைகளிடம் பல்கலைக்கழக மாணவரை அனுப்பி, அவர்களுக்கு ஊக்கமளிக்க முயன்றது. ஐம்பது வயதுப் பேராசிரியர் சொல்லும் அறிவுரையைக் காட்டிலும், தன்னிலும் மூன்று வயதே மூத்த ஒருவர் சொல்லும் அனுபவத்தைப் பதினேழு வயதுப் பிள்ளை கூர்ந்து கேட்கும் என்பதே இவ்வேற்பாட்டின் அடிப்படை.

இத்தகைய தூதுவர் அடையும் நன்மைகளை எண்ணிக் கூறுவோர் பேச்சாற்றல், குழுவாக இயங்கும் பழக்கம், நேரத்தை வகுத்துக்கொள்ளும் திறன் என ஒரு பட்டியல் தருவர். ஆனால் விவாத மேடையும் பேச்சாற்றலை வளர்க்கின்றது. விளையாட்டு மைதானமும் கூட்டுணர்வை வளர்க்கின்றது. தூதுப்பணிக்கே உரிய பயன் வேறொன்றாதல் வேண்டும். விவாத மேடையிற் பேசுபவர் தமக்காகவோ தம் அணிக்காகவோ பேசுகின்றார். பேச்சு முடிந்ததும் அவருடைய பொறுப்பும் முடிந்துவிடுகின்றது. தூது செல்பவரோ பிறிதொன்றின் சார்பிற் பேசுகின்றார். அவர் சொல்லை நம்பிக் கேட்பவர் ஒரு முடிவெடுக்கின்றார். அம்முடிவு ஒரு பிள்ளையின் நான்கு ஆண்டுகளை, சிலவேளை வாழ்நாளையே, நிர்ணயிக்கக்கூடும். சொல்லுக்கு இவ்வளவு எடை ஏறும் இடத்திலேயே சொல்பவரும் வளரத் தொடங்குகின்றார்.

இலங்கையில் 'மாணவத் தூதுவர்' என்னும் பட்டமும் ஊதியமும் பெற்றோர் அரியர். எனினும் அப்பணி இங்குப் புதிதன்று. 1942இல் கொழும்பில் தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழகம் பின்னர் பேராதனைக்கு இடம்பெயரத் தொடங்கியது. 1945 முதல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும், 1960இல் கலைப்பீடத்துக்கு வந்து சேர்ந்த தாய்மொழிப் போதனையும் கிராமத்துப் பிள்ளைகளுக்கு அதன் கதவைத் திறந்துவிட்டன. அவ்வாறு வந்த தமிழ் மாணவரைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்துக்களத்தில் இறக்கினார். மட்டக்களப்புக் கிராமங்களில் விடியவிடிய ஆடப்பட்டுவந்த கூத்தைச் சுருக்கிச் செம்மைப்படுத்தி, 1962இல் 'கர்ணன் போர்' நாடகத்தைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு அவர் மேடையேற்றினார். நொண்டி நாடகமும், இராவணேசனும், வாலிவதையும் அதனைத் தொடர்ந்தன.

அம்மாணவர் செய்த தூது இருவழித் தூது. படிப்பறிவில்லாதார் கலை என்று ஒதுக்கப்பட்ட கூத்தைக் கற்றோர் மன்றத்துக்குக் கொண்டுவந்தனர்; எட்டாத உயரத்தில் இருப்பதாகக் கருதப்பட்ட பல்கலைக்கழகத்தை ஊர் மக்களின் முன்றிலுக்குக் கொண்டுசென்றனர். அவருள் ஒருவராகிய சி. மௌனகுரு பிற்காலத்தில் கிழக்குப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியராகி, அக்கலையையே வாழ்நாட் பணியாக ஏற்றார். வித்தியானந்தனும், 1974இல் வளாகமாகத் தொடங்கி 1979இல் தனிப் பல்கலைக்கழகமாகிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகப் பணியாற்றினார். தம் கிராமத்தின் ஆட்டத்தைத் தாமே நாணத்துடன் மறைத்த இளைஞர், அதனைப் பல்கலைக்கழகத்தின் பெயரால் ஆடிக்காட்டிய பின்னர் தலைநிமிர்ந்தனர். தன்னம்பிக்கை என்பது தன்னிடம் இல்லாத ஒன்றை இரவல் வாங்குவதன்று, தன்னிடம் உள்ளதை மதிக்கக் கற்றலே என்பதற்கு இதனினும் தக்க சான்று வேண்டியதில்லை.

இன்று இப்பணி பெரும்பாலும் கல்விக் கருத்தரங்கு என்னும் வடிவில் நடைபெறுகின்றது. தமிழ் மாணவர் குழுக்கள் வன்னிக்கும், மட்டக்களப்பின் படுவான்கரைக்கும், மலையகத்துக்கும் சென்று, க.பொ.த. உயர்தர மாணவருக்கு இலவச வகுப்புகளும் முன்னோடிப் பரீட்சைகளும் நடத்துகின்றன. அவற்றினூடே பல்கலைக்கழகம் பற்றியும் எடுத்துரைக்கின்றன. பார்வைக்கு இது ஒருநாள் வேலை. ஆனால் அந்த ஒருநாளுக்குப் பின்னால் பல வாரங்கள் உள்ளன. வலயக் கல்வி அலுவலகத்துக்கும் அதிபருக்கும் கடிதம் எழுதல் வேண்டும். அனுமதி தாமதமாயின் நேரிற் சென்று காத்திருத்தல் வேண்டும். பழைய மாணவரிடமும் கடைக்காரரிடமும் பணம் சேர்த்து, ஒவ்வொரு சதத்துக்கும் கணக்குக் காட்டல் வேண்டும். வினாத்தாளைத் தட்டச்சுச் செய்து, பிழை திருத்தி, பிரதியெடுத்தல் வேண்டும். மாணவியர் இரவு தங்குவதற்குப் பாதுகாப்பான இடம் பார்த்தல் வேண்டும். வகுப்புத் தொடங்கும் நேரத்தில் மின்சாரம் தடைப்பட்டால் ஒலிபெருக்கியின்றி இருநூறு பிள்ளைகளுக்குக் கேட்கும்படி பேசுதலும் வேண்டும். முகாமைத்துவம் என்று விரிவுரை மண்டபத்திற் கற்பிக்கப்படுவதன் பெரும்பகுதியை, அச்சொல்லையே பயன்படுத்தாமல், இம்மாணவர் கற்றுவிடுகின்றனர்.

இவை யாவற்றினும் முக்கியமானது, தாம் பயிலும் இடத்தைத் தாமே அறிந்துகொள்ளல். முதலாண்டு மாணவர் பலருக்கு வளாகம் என்பது விடுதி, விரிவுரை மண்டபம், சிற்றுண்டிச்சாலை என்னும் மூன்று புள்ளிகளை இணைக்கும் பாதையே. நூலகத்தின் மேல்மாடிக்கு ஏறிப் பாராதவர் உளர். தம் பீடத்தில் எத்தனை துறைகள் உள்ளன என்பதை எண்ணிப் பாராதவரும் உளர். பிறருக்கு விளக்கவேண்டும் என்னும் கட்டாயம் வரும்போதே அவர் தேடத் தொடங்குகின்றார். சிறப்புக் கற்கைநெறிக்குத் தெரிவாவது எப்படி, புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பிப்பது எங்கே, விடுதி கிடைக்காதவர் என்ன செய்வது என்று அலுவலகம் அலுவலகமாகக் கேட்டறிகின்றார். தமக்காகக் கேட்கக் கூசிய வாய், பிறருக்காகக் கேட்கும்போது கூசுவதில்லை. கூச்சமுள்ள மாணவர் பலர் அலுவலகப் படிகளை முதன்முதல் துணிந்து ஏறுவது இவ்வாறேயாகும்.

கேட்டறிந்ததை எளிமையாகச் சொல்லுதல் அடுத்த படி. பல்கலைக்கழக அனுமதி முறையை எடுத்துக்கொள்ளலாம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு நீண்டகாலமாகக் கைக்கொண்டுவரும் ஏற்பாட்டின்படி, பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 சதவீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கெனவும் பகிரப்படுகின்றன. நுவரெலியா, முல்லைத்தீவு, மன்னார் என்பன பின்தங்கிய மாவட்டங்களுள் அடங்குவன. புள்ளிகள் அவ்வாறே ஒப்பிடப்படாமல், 2001 முதல் இசட் புள்ளியாக மாற்றி ஒப்பிடப்படுகின்றன. இதனைக் கைந்நூலில் வாசிக்கும் பிள்ளைக்குத் தலை சுற்றும். "உன் பாடத்தை எழுதிய எல்லாருடைய புள்ளிகளின் நடுவே உன் புள்ளி எவ்வளவு மேலே நிற்கிறது என்பதுதான் இசட் புள்ளி, பாடம் கடினமானதா இலகுவானதா என்ற வேறுபாட்டைச் சரிப்படுத்தவே அது" என்று கரும்பலகையில் ஒரு கோடு கீறிக் காட்டினால் பிள்ளையின் முகம் தெளிகின்றது. இவ்வாறு சொல்வதற்கு, சொல்பவர் முதலில் அதனைத் தமக்குள் ஐயமறத் தெளிந்திருத்தல் வேண்டும். பாடநூல் நடையில் ஒப்படை எழுதிப் பழகியவர், கேட்பவர் முகத்தைப் பார்த்துச் சொல்லைத் தெரிந்தெடுக்கும் பயிற்சியை இங்கே பெறுகின்றார்.

இவ்விடத்திலே தவறு நேர்ந்தால் விளைவு கடுமையானது. விண்ணப்பதாரி தாம் விரும்பும் கற்கைநெறிகளையும் பல்கலைக்கழகங்களையும் முன்னுரிமை ஒழுங்கிற் குறிப்பிடுதல் வேண்டும். அவ்வொழுங்கை விளையாட்டாக எழுதிய பிள்ளை, தான் விரும்பியதற்குத் தகுதி பெற்றிருந்தும் விரும்பாத ஒன்றிற் சென்று சேரலாம். ஆதலின் நல்ல தூதுவர் முதலிற் கற்கவேண்டிய வாக்கியம், "இது எனக்குத் திட்டமாகத் தெரியாது, விசாரித்து உங்கள் அதிபருக்கு எழுதுகின்றேன்" என்பதாகும். அரைகுறையாக அறிந்ததை முழுமையாக அறிந்ததுபோலக் கூறுவது துணிவு எனப் பலர் மயங்குவர். இருநூறு பேர் முன்னிலையில் தெரியாது என்று கூறி, கூறியவாறே விசாரித்து எழுதுபவரிடம் உள்ளதே மெய்யான துணிவு. அதனை ஒருமுறை செய்தவர், பின்னர் கருத்தரங்கிலும் நேர்முகப் பரீட்சையிலும் அறியாத கேள்விக்கு அஞ்சுவதில்லை.

தூதின் மிகப்பெரும் சோதனை, தன் நிறுவனத்துக்கு உவப்பில்லாத உண்மையைக் கூறவேண்டி வரும்போது நேர்கின்றது. சங்ககாலத்தில் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார், அவன் பெருமையோடு காட்டிய படைக்கலச் சாலையைப் பார்த்து, இங்குள்ள ஆயுதங்கள் பளபளப்பாக இருக்கின்றன, அதியமானுடையவையோ போரில் தேய்ந்து முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்னும் பொருள்படப் பாடிய செய்தி புறநானூற்றில் உண்டு. பயன்பட்டுத் தேய்ந்த கருவியை மறைக்காமல் எடுத்துச் சொல்வதே அத்தூதின் வலிமையாயிற்று. பல்கலைக்கழகத் தூதுவரும் பளபளப்பை மட்டும் காட்ட முனைவராயின் விளம்பரக்காரராய் விடுவர்.

பாடசாலை மண்டபத்தின் பின்வரிசையிலிருந்து தாயொருவர் எழுந்து, "அங்க பிள்ளையளைப் பகிடிவதை செய்யினமாமே, உண்மையோ?" என்று கேட்கும்போது என்ன விடை கூறுவது? இல்லையென்றால் அது பொய். உண்டென்று மட்டும் கூறி நிறுத்தினால், அத்தாய் தன் மகளை அனுப்பாமலே விடவும் கூடும். பகிடிவதையைத் தடைசெய்யும் சட்டம் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டமாக நிறைவேற்றப்பட்டது. சட்டம் வந்தும் அத்தீமை அடியோடு ஒழிந்துவிடவில்லை. இவ்விரண்டையும் கூறி, முறையிடுவதற்கான வழிகளையும் விளக்கி, "பிள்ளை வந்ததும் எங்களை வந்து சந்திக்கச் சொல்லுங்கோ" என்று தம்மையே பிணையாக நிறுத்துவது ஒன்றே நேர்மையான விடை. ஆனால் அவ்வாறு கூறியவர் வளாகம் திரும்பியபின் பகிடிவதைக் கூட்டத்தில் ஒருவராக நிற்றல் எங்ஙனம் இயலும்? அதைக் கண்டும் காணாததுபோல் ஒதுங்குதல்தான் எங்ஙனம் இயலும்? பிறருக்குச் சொன்ன சொல் சொன்னவரையே கட்டுகின்றது. தூதுப்பணியின் தனிப்பயன் இதிலேயே உள்ளது.

கலைப்பீட மாணவருக்கு இக்கட்டு இன்னும் இறுக்கமானது. மருத்துவ மாணவரையோ பொறியியல் மாணவரையோ பார்த்து, "இதைப் படித்து என்ன பயன்?" என்று எவரும் கேட்பதில்லை. கலைப்பீடத்திலிருந்து வந்தவர் ஒவ்வோர் ஊரிலும் அதனைக் கேட்கின்றார். பேராதனையிலிருந்து கம்பளை, நாவலப்பிட்டி, கினிகத்தேனை வழியாக அட்டன் பக்கத்துப் பாடசாலை ஒன்றுக்குச் செல்லும் குழுவிலே வன்னியைச் சேர்ந்த இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி இருப்பதாகக் கொள்ளலாம். வகுப்பில் ஒப்படை வாசிக்கும்போது குரல் தழுதழுக்கும் இயல்பினள். முதற் பயணத்தில் வினாத்தாள் விநியோகித்தாள். இரண்டாவதில் வருகை பதிந்தாள். மூன்றாவதில், கலைப்பிரிவு பற்றிப் பேசவேண்டியவர் சுகவீனமுற்றமையால், அவளே பேச நேர்ந்தது. பேச்சை எழுதி வைத்துத் தடுமாற்றமின்றி ஒப்புவித்துவிட்டாள். அதன்பின்னர் கேள்வி வந்தது.

தோட்டத்து லயத்திலிருந்து மகளை அழைத்து வந்த தகப்பனார் ஒருவர் எழுந்தார். "ஏம்மா, இந்த ஆர்ட்ஸ் படிச்சா எம் புள்ளைக்கு வேல கெடைக்குமா? இல்ல, படிச்சு முடிச்சிட்டு ரோட்டுல கொடி புடிக்கணுமா?" என்றார்.

மண்டபம் சிரித்தது. அக்கேள்வியில் ஏளனம் இல்லை. வேலைகோரி வீதியில் நின்ற பட்டதாரிகளைத் தொலைக்காட்சியிற் பார்த்த மனிதரின் கணக்கு அது. ஒரு பிள்ளையை நான்கு ஆண்டு படிக்க அனுப்புவதாயின், நாட்சம்பளத்தில் எவ்வளவை ஒதுக்கவேண்டும் என்று எண்ணிப் பார்த்தவரின் கவலை அது. மலையகத்தில் விஞ்ஞானப் பிரிவு உள்ள தமிழ்ப் பாடசாலைகள் குறைவு. ஆதலால் அப்பிள்ளைக்குக் கலைப்பிரிவே கைக்கெட்டிய கதவு. எழுதிவைத்த பேச்சில் இதற்கு விடை இருக்கவில்லை. அம்மாணவியின் வீட்டிலும் அதே கேள்வி அவளிடம் பலமுறை கேட்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு முறையும் மௌனமே விடையாயிற்று. இங்கே மௌனம் செல்லாது.

"ஐயா, கட்டாயம் வேலை கிடைக்கும் எண்டு நான் சத்தியம் பண்ண ஏலாது" என்று தொடங்கினாள். பட்டம் ஒன்றே வேலையைக் கொண்டுவந்து தராது என்பதை ஒப்புக்கொண்டாள். பின்னர், 1987இல் நிறைவேறிய பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று என்பதையும், ஆனால் காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் மருத்துவமனையிலும் தமிழில் அலுவலாற்றவும் இருமொழிகளுக்கிடையே மொழிபெயர்க்கவும் வல்லோர் இன்னும் போதியளவில் இல்லை என்பதையும் எடுத்துக் கூறினாள். சிங்களக் கடிதம் ஒன்றை வாசிப்பிக்க ஆள் தேடி அலைந்த அனுபவம் அம்மண்டபத்திற் பலருக்கு இருந்தது, அவர்கள் தலையசைத்தனர். ஆசிரியப் பணி, நிருவாக சேவைப் போட்டிப் பரீட்சை, சட்டம் என வழிகளைக் கூறிவிட்டு, "மூண்டு மொழியும் தெரிஞ்ச கலைப் பட்டதாரிக்கு இந்த நாட்டில வேலை இருக்கு, ஐயா. அந்த நாலு வருசத்தில பிள்ளை அதையும் படிக்கவேணும்" என்று முடித்தாள்.

தகப்பனார் அமர்ந்தார். அவர் திருப்தியடைந்தாரோ இல்லையோ, மாணவிக்கு அன்றிரவு உறக்கம் வரவில்லை. மூன்று மொழியும் கற்கவேண்டுமென்று அவள் பிறர் பிள்ளைக்குச் சொன்னாள். அவளோ சிங்களத்தில் பஸ் நடத்துநரிடம் இடம் கேட்கும் அளவுக்கு மேல் அறியாதவள். வளாகம் திரும்பிய வாரமே சிங்கள வகுப்பிற் சேர்ந்தாள். அவ்வாண்டிறுதியில் தென்பகுதிப் பாடசாலை ஒன்றின் பிள்ளைகள் வளாகத்தைப் பார்க்க வந்தபோது, வழிகாட்ட முன்வந்தோருள் அவளும் ஒருத்தி. இலக்கணப் பிழைகளைக் கேட்டுப் பிள்ளைகள் சிரித்தார்கள்; சிரித்துவிட்டு, சரியான சொல்லையும் அவர்களே எடுத்துக் கொடுத்தார்கள். 1983 முதல் 2009 வரை யுத்தம் நீடித்த நாட்டில், வன்னிப் பெண்ணொருத்தி சிங்களக் குழந்தைகளை அழைத்துக்கொண்டு அந்தானை மலையடிவாரத்தில் நடந்து, நூலகம் இது, திறந்தவெளி அரங்கு அது என்று காட்டிச் செல்வது சிறிய செய்தியன்று. எந்தப் பேச்சுப்போட்டியும் அந்நடையைக் கற்பித்திராது.

இத்தகைய மாணவியிடம் வளர்ந்த தன்னம்பிக்கையின் இயல்பு கவனிக்கத்தக்கது. அவள் முன்னிலும் உரக்கப் பேசவில்லை. முன்னிலும் நிச்சயமாகப் பேசினாள். தான் கூறுவது உண்மை என்னும் தெளிவும், கூறியவாறு தானும் நடக்க முயல்கின்றாள் என்னும் மனச்சாட்சியும் அந்நிச்சயத்தின் இரு தூண்கள். மேடைக்கூச்சம் அவளிடம் முற்றாக நீங்கியிருக்க வேண்டுமென்பதில்லை. கூச்சத்தையும் மீறிப் பேசவேண்டிய காரணம் ஒன்று அவளுக்குக் கிடைத்துவிட்டது, அதுவே போதுமானது.

இங்கு ஓர் உண்மையை மறைத்தலாகாது. தூதுப்பணி எல்லாரையும் உயர்த்துமென்று கூறுவோர், அதற்கு யார் தெரிந்தெடுக்கப்படுகின்றனர் என்பதைச் சிந்திப்பதில்லை. மேனாட்டுப் பல்கலைக்கழகமாயினும் சரி, இங்குள்ள மாணவர் சங்கமாயினும் சரி, முன்வரிசைக்கு அனுப்பப்படுவோர் பெரும்பாலும் முன்னமே பேச வல்லவர்களே. நகரப் பாடசாலையில் விவாத அணித் தலைவராயிருந்தவர், ஆங்கிலம் சரளமாகப் பேசுபவர், தோற்றப் பொலிவுடையவர் ஆகியோரே ஒலிவாங்கியைப் பெறுகின்றனர். அவர் பெறும் அனுபவம் உள்ள செல்வத்தின்மேற் சேரும் வட்டி போன்றது. முதற் தலைமுறையாகப் பல்கலைக்கழகப் படியேறியவரோ வினாத்தாள் அடுக்கும் பணியோடு நின்றுவிடுகின்றார். மேலே கூறப்பட்ட மாணவிக்கு வாய்ப்புக் கிடைத்ததும், மற்றொருவர் சுகவீனமுற்றமையாலன்றோ? ஒருவரின் வளர்ச்சியை இன்னொருவரின் காய்ச்சலுக்கு விட்டுவைத்தல் முறையாகாது.

லயத்துப் பிள்ளையிடம் பேச மிகத் தகுதியுடையவர் லயத்திலிருந்து வந்தவரே என்பதையும் கருதல் வேண்டும். மண்ணெண்ணெய் விளக்கில் படித்ததையும், முதல் நாள் விடுதி உணவு தொண்டையில் இறங்காததையும், பட்டியலில் தன் பெயரைப் பார்த்துத் தாய் அழுததையும் அவர் சொல்லும்போது, கேட்கும் பிள்ளை தன்னையே அங்குக் காண்கின்றது. எனவே தெரிவு முறையை மாற்றுதல் இப்பணியை மேற்கொள்வோர் ஆற்றவேண்டிய முதற் சீர்திருத்தமாகும். ஒவ்வொரு பயணத்திலும் இதுவரை பேசியிராத ஒருவர் பேசுதல் வேண்டும் என்று விதி செய்யலாம். பேசத் தெரிந்தவர் அவருக்கு அருகிலிருந்து உதவலாம். பயணத்துக்கு முன்னர், கடினமான கேள்விகளைத் தமக்குள்ளே கேட்டு விடை கூறிப் பழகலாம். திரும்பி வந்தபின், விடை தெரியாமற் போன கேள்விகளைக் குறிப்பேடொன்றிற் பதிந்து அடுத்த குழுவினருக்குக் கையளிக்கலாம். பல்கலைக்கழக நிருவாகமும் இம்மாணவரின் போக்குவரத்துச் செலவையேனும் ஏற்றல் தகும். வறிய மாணவர் தம் புலமைப்பரிசிற் பணத்திலிருந்து பஸ் கட்டணம் செலுத்தித் தூது செல்லும் நிலை பெருமைக்குரியதன்று.

இன்னொரு கடமையும் உண்டு. ஊருக்குச் சென்ற தூதுவர் ஊரின் சொல்லையும் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுவருதல் வேண்டும். கூத்து மாணவர் அன்று செய்தது அதுவே. பாடத்திட்டத்தில் மொழிப்பயிற்சி போதாது, கைந்நூலின் தமிழ் பிள்ளைகளுக்கு விளங்கவில்லை, விடுதி வசதியின்மையால் பெண்பிள்ளைகளை அனுப்பப் பெற்றோர் தயங்குகின்றனர் என்பன போன்ற செய்திகள் அட்டனிலும் அக்கராயனிலும் வாகரையிலும் கேட்கப்படுகின்றன. அவை பீடாதிபதியின் மேசையைச் சென்றடைதல் வேண்டும். ஊரிடம் பல்கலைக்கழகத்துக்காகப் பேசிய மாணவர், பல்கலைக்கழகத்திடம் ஊருக்காகப் பேசும் நாளில் அவருடைய பயிற்சி நிறைவுறுகின்றது. முன்னதற்குப் பேச்சுத்திறன் போதும். பின்னதற்கு முதுகெலும்பும் வேண்டும்.

பட்டச் சான்றிதழில் இத்திறன்கள் எவையும் பதியப்படுவதில்லை. ஆயினும் நேர்முகப் பரீட்சையில் அமர்ந்திருப்போர் அவற்றைக் கண்டுகொள்வர். பின்னாளில் ஆசிரியராய்ப் பெற்றோர் முன்னும், அலுவலராய்ப் பொதுமக்கள் முன்னும் அமரும்போது, அம்மாணவரே அவற்றின் பயனை உணர்வர். கருத்தரங்கு முடிந்து நாற்காலிகளை அடுக்கிவைக்கும் வேளையில், பாடசாலைப் பிள்ளையொன்று தயங்கித் தயங்கி அருகில் வந்து, "அக்கா, நானும் அங்க வந்தா ஒங்களோட இந்த மாதிரி வரலாமா?" என்று கேட்பதுண்டு. அப்பிள்ளையின் பெயரை எழுதி வைத்துக்கொள்ளல் நல்லது. அடுத்த குழுவிற் பேசவேண்டியவர் அவரேயாகலாம்.